குழித்தறி காக்பிட்!

வீட்டுக்குள்ளயே விமானம் ஓட்டணுமா? ஹெட்செட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க பாஸ்!

2020-ல் வரிசையா மூணு விஷயம் நடந்துச்சு. ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் புது அவதாரம் எடுத்து, உலகத்தோட சாட்டிலைட் படத்தையே தரையா விரிச்சுது. நவம்பரில் 'சூரரைப் போற்று' வந்து, சோழவந்தான்காரர் ஒருத்தர் பிளேன் விடலாம்னு காட்டுச்சு. டிசம்பரில் அதே சிமுலேட்டருக்குள்ள வி.ஆர். ஹெட்செட் மாட்டிக்கிட்டு நுழையற வசதி வந்துச்சு.

அவ்வளவுதான்! அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி வரைக்கும் சீமைக்கருவேலத்தையும் காஞ்ச கண்மாயையும் பார்த்தே வளர்ந்த நமக்கு, அதே கண்மாயை மூவாயிரம் அடி உயரத்தில் இருந்து பார்க்கிற ஆசை வந்திருச்சு.

ஆசைக்குக் காசு வேண்டாம். ஆனா ஹெட்செட்டுக்கு வேணும். அதுவும் பல பத்தாயிரங்களில்! லீவுல மில்லுக்குப் போய் சம்பாதிச்சதோ, ஸ்காலர்ஷிப்பில் மிச்சம் பிடிச்சதோ... நம்ம கையில் இருக்கிற காசு ஒரே ஒரு தடவைதான் செலவாகும். அதை ஹெட்செட்டில் போடுறதா, இல்லே ஒரு குட்டி காக்பிட் கட்டுறதா? நம்ம பட்ஜெட்டுக்குப் பதில் இதுதான்: கை முதல்ல, கம்ப்யூட்டர் ரெண்டாவது, கண்ணு கடைசி. ஏன்னு பார்ப்போம், வாங்க.

துருத்தியில் பறந்த விமானம்!

அமெரிக்காவில் பிங்ஹாம்டன்னு ஒரு ஊர். அங்கே எட்வின் லிங்க்னு ஒரு இளைஞர். அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யற கம்பெனி வெச்சிருந்தார். மகனுக்கு விமானம் ஓட்டப் பைத்தியம். ஆனா பயிற்சிக் கட்டணம் யானை விலை. 'தரையிலேயே பழகினா என்ன?'ன்னு யோசிச்சவர், ஆர்கனுக்குக் காற்று ஊதுற துருத்திகளையும் வால்வுகளையும் எடுத்து ஒரு குட்டி விமானப் பெட்டிக்கு அடியில் மாட்டினார். ஸ்டிக்கைச் சாய்ச்சா ஒரு பக்கத் துருத்தி உப்பும், இன்னொரு பக்கம் சுருங்கும், பெட்டி சாயும். 1929-ல் பிறந்த இந்தப் பெட்டிதான் 'லிங்க் ட்ரெய்னர்'.

ஆரம்பத்தில் விமானப் பள்ளிகள் இதைச் சீண்டவே இல்லை. பொருட்காட்சி விளையாட்டுச் சாமானாத்தான் வித்துச்சு. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளுக்குத் தபால் சுமக்கிற வேலை வந்துச்சு. மோசமான வானிலையில், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தெரியாம வரிசையா விபத்து. அப்புறம்தான் ராணுவம் ஓடி வந்து 6 பெட்டி வாங்குச்சு. இரண்டாம் உலகப் போர் முடியறதுக்குள்ள செய்யப்பட்டது பத்தாயிரத்துக்கும் மேல!

அந்தப் பெட்டியில் வெளியே பார்க்கக் காட்சியே கிடையாது, மூடி போட்டு மூடிடுவாங்க. ஆனா ஸ்டிக், பெடல், கருவிகள் எல்லாம் கைக்கும் காலுக்கும் சரியான இடத்தில் இருந்துச்சு. கண்ணுக்குப் படம் காட்டாமலேயே லட்சக்கணக்கான பேருக்குப் பறக்கக் கத்துக் கொடுத்துச்சு. இந்த ஒரு பாயின்ட்டைப் பிடிச்சுக்குங்க, மீதிக் கட்டுரை ஈஸி!

கண்ணுக்கு எவ்வளவு தீனி?

ஹெட்செட் கதையும் வீட்டுப் பட்டறைக் கதைதான். பாமர் லக்கி என்ற டீன் ஏஜ் பையன் அப்பா வீட்டு கராஜில் தட்டிக்கொட்டின ஹெட்செட்தான் ஓக்குலஸ் ரிஃப்ட். 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் இரண்டரை லட்சம் டாலர் கேட்டார். கிடைச்சது 24 லட்சம். 2014-ல் ஃபேஸ்புக் வாங்கின விலை 200 கோடி டாலர்!

2016-ல் வந்த ரிஃப்ட்டில் ஒரு கண்ணுக்கு 1080 x 1200 புள்ளிகள். ஆல்ட்டிமீட்டர் எண்ணைப் படிக்க மூஞ்சியைக் கிட்ட கொண்டுபோகணும். 2023-ல் வந்த குவெஸ்ட் 3-ல் ஒரு கண்ணுக்கு 2064 x 2208. இப்போ எண்கள் பளிச்!

எல்லாம் சரி, இந்தப் புள்ளிகளை வரையறது யாரு? உங்க கம்ப்யூட்டர்தான். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சாதாரண ஃபுல் ஹெச்.டி. மானிட்டரில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். குவெஸ்ட் 3-ல் ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து சுமார் 91 லட்சம். அதாவது 4.4 மடங்கு. மானிட்டரில் நொடிக்கு 30 படம் வந்தாலே சிமுலேட்டரை ஓட்டிடலாம். ஒரு படம் வரைய 33 மில்லிசெகண்ட் கிடைக்கும். ஹெட்செட்டில் நொடிக்கு 72 படம் வேணும். கிடைக்கிற நேரம் வெறும் 13.9 மில்லிசெகண்ட். நாலு மடங்குக்கு மேல வேலை, பாதிக்கும் குறைவான நேரம். பெருக்கிப் பார்த்தா கம்ப்யூட்டருக்குப் பத்து மடங்கு சுமை!

இதுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நிஜமா 36 படம் வரைஞ்சு, நடுவுல 36 படத்தை அனுமானமா ஒட்டுற வித்தை. ஓரளவு காப்பாத்தும். ஆனா ப்ரொப்பெல்லர் பக்கம் பார்த்தா காட்சி கானல் நீர் மாதிரி நெளியும். அப்புறம் படம் திணறினா தலை சுத்தும், வாந்தி வரும். கண்ணு 'திரும்பிக்கிட்டு இருக்கோம்'னு சொல்லும். காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு 'இல்லையே, சேர்லதானே இருக்கோம்'னு சொல்லும். சண்டையில் அடி வாங்கறது வயிறு!

அதனால, மானிட்டரிலேயே 30 படத்துக்கு மூச்சு வாங்குற மெஷினுக்கு ஹெட்செட் வாங்கறது, மொபெட்டில் டிரெய்லர் கட்டற மாதிரி. முதல்ல மெஷின், அப்புறம் ஹெட்செட்.

நாடாவைப் பார்க்காத கை

நம்ம ஊர் கைத்தறி நெசவைக் கவனிச்சிருக்கீங்களா? குழிக்குள்ள கால். அது பாட்டுக்கு மிதிபலகையை மாத்தி மாத்தி மிதிக்கும். ஒரு கை நாடா ஓடறதுக்குக் கயிற்றை இழுக்கும். இன்னொரு கை அச்சை முன்னால இழுத்து அடிக்கும். கண்ணு மட்டும் துணி மேல. எந்த நெசவாளரும் குனிஞ்சு கால் எங்கே இருக்குன்னு பார்க்க மாட்டார்.

விமானி உட்கார்ந்திருக்கறதும் அதே கணக்குதான்! கால் ரெண்டும் ரட்டர் பெடலில். ஒரு கை ஸ்டிக்கில், இன்னொரு கை த்ராட்டிலில். கண்ணு தொடுவானத்தில்.

இப்போ ஹெட்செட்டை மாட்டுங்க. காக்பிட் அழகா தெரியும். ஆனா உங்க கீபோர்ட் தெரியாது, மவுஸ் தெரியாது, சொந்தக் கையே தெரியாது. லேண்டிங் நேரத்தில் ஃப்ளாப்ஸ் பட்டனைத் தேடி மூக்கு இடுக்கு வழியா எட்டிப் பார்க்கிற கொடுமை இருக்கே... அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்! காற்றில் கையை ஆட்டி ஸ்விட்ச் போடுற வசதி சில ஹெட்செட்டில் உண்டு. ஆனா விரலுக்கு எதுவும் தட்டுப்படாதே? இந்தத் தொடு உணர்வுதான் வி.ஆர். உலகத்தோட பெரிய சவால். சென்னை ஐ.ஐ.டி.யில் எக்ஸ்.டி.ஐ.சி. என்ற மையம் இருக்கு. அங்கே பேராசிரியர் எம். மணிவண்ணன் குழு வேலை பார்க்கிற துறைகளில் இதுவும் ஒண்ணு.

நமக்கு ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஆனா ஆசாரி பட்டறை இருக்கு, லேத் இருக்கு, பழைய இரும்புக் கடை இருக்கு. போதாது?

படிப்படியா கட்டுவோம்!

படி 1 - சீட்: ஆபீஸ் ரோலிங் சேர் வேணாம். பெடலை அழுத்தினா சேர் பின்னால ஓடிரும். பழைய மாருதி ஆம்னி சீட் ஒண்ணைத் தேடிப் பிடிங்க. மரச்சட்டத்தில் முடுக்குங்க. திரையில் ஸ்டிக் எங்கே தெரியுதோ அதே உயரம், அதே தூரத்தில் நிஜ ஸ்டிக் இருக்கணும். நாளைக்கு ஹெட்செட் மாட்டும்போது கை சரியா அங்கே போய் விழும்.

படி 2 - ஸ்டிக்: ஜாய்ஸ்டிக்கில் ரெண்டு ஜாதி. ஒண்ணு பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் தடத்தில் ஒரு முள் உரசிக்கிட்டே இருக்கும். நம்ம கரிசல் தூசி உள்ளே போனா சிக்னல் குதிக்கும், விமானம் தானா தலையை ஆட்டும். இன்னொண்ணு ஹால் சென்சார். காந்தம் நகர்றதை உரசாமலே அளக்கும். வாங்கறதா இருந்தா இதை வாங்குங்க. ஏற்கெனவே பழைய ஸ்டிக் இருந்தா தூக்கிப் போடாதீங்க. எஸ்.எஸ்.49ஈ மாதிரி லீனியர் ஹால் சென்சார் ரொம்ப மலிவு, ஒரு குட்டிக் காந்தத்தோட மாத்திடலாம். கடைக்காரர் 3144 கொடுத்தா வாங்காதீங்க. அது ஆன், ஆஃப் மட்டும்தான் சொல்லும். எவ்வளவு சாய்ச்சீங்கன்னு சொல்லாது.

படி 3 - த்ராட்டிலும் பட்டன் பெட்டியும்: ஈ.சி.இ. நண்பர்களே, லேப்பில் தூங்கினது போதும்! ஏடிமெகா 32யு4 சிப் இருக்கிற ஆர்டுயினோ லியனார்டோ இல்லேன்னா ப்ரோ மைக்ரோ வாங்குங்க. அதை ஜாய்ஸ்டிக் புரோகிராம் போட்டு யு.எஸ்.பி.யில் சொருகினா கம்ப்யூட்டர் 'ஓ, ஜாய்ஸ்டிக்கா'ன்னு ஏத்துக்கும். ஊனோ போர்டு அப்படி நேரடியா ஒத்துவராது. நாலு வரிசை, நாலு பத்தினு கட்டினா 8 பின்னிலேயே 16 பட்டன். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு 1என்4148 டயோடு போட்டுருங்க. இல்லேன்னா மூணு பட்டனைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத நாலாவதும் வேலை பார்க்கும்! புரோகிராம் எழுதப் பயமா இருக்கா? 'மொபிஃப்ளைட்' என்ற இலவச மென்பொருள் இருக்கு. அது ஆர்டுயினோ மெகாவையும் சிமுலேட்டரையும் சேர்த்து வைக்கும். முக்கியமா, பட்டன்களை ஒரே மாதிரி வாங்காதீங்க. ஒண்ணு உருண்டை, ஒண்ணு நீளம், ஒண்ணு சொரசொரப்பு. விரல் படிக்கணும்ல?

படி 4 - பெடல்: ரெண்டு மரப்பலகை, நடுவில் ஒரு பேரிங், ஒரு ஹால் சென்சார், திரும்பி வர்றதுக்கு ஸ்பிரிங் இல்லேன்னா சைக்கிள் டியூப் ரப்பர். தறியில் மிதிக்கிற மாதிரி ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கம் வரணும். நல்ல ஆசாரிகிட்ட படம் வரைஞ்சு காட்டினா, நம்மளைவிட நல்ல யோசனை அவர் சொல்வார்.

படி 5 - கழுத்து: காசே இல்லாம ஒரு அப்கிரேட்! 'ஓப்பன்ட்ராக்' என்ற இலவச மென்பொருள், சாதாரண வெப்கேமில் உங்க தலை திரும்புறதைப் பார்த்து, சிமுலேட்டரிலும் பார்வையைத் திருப்பும். ஹெட்செட் கொடுக்கிற பெரிய லாபமே தலையைத் திருப்பி ஓடுபாதையைத் தேடறதுதான். அதுல பாதி இங்கேயே கிடைச்சிரும்.

படி 6 - ஹெட்செட்: இந்த அஞ்சு படியும் முடிச்சு, மெஷினும் தாங்கும்னா, இப்போ வாங்குங்க. மாட்டின அடுத்த நிமிஷம் புரியும் வித்தியாசம். ஆழம் தெரியும். தரை எவ்வளவு கிட்ட வருதுன்னு உடம்புக்குத் தெரியும். முதல் வாரம் தினம் பத்தே நிமிஷம், மெதுவா போற குட்டி விமானம் மட்டும். வயிறு லேசா புரட்டினாலும் உடனே கழட்டிடணும். 'பழகிரும்'னு வீரம் காட்டினா, ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டற நிலைமை வந்திரும்!

கரிசல் காட்டு வில்லன்கள்

வெயில்: ஹெட்செட்டோட லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. ஜன்னலோரம் லென்ஸ் பக்கம் வெளியே பார்க்க வெச்சீங்கன்னா, நம்ம ஊர் வெயில் சில நிமிஷத்திலேயே உள்ளே இருக்கிற திரையைப் பொசுக்கிரும். துணி போட்டு மூடுங்க, இருட்டுல வைங்க. சித்திரை மத்தியானம் பறக்கவே பறக்காதீங்க. லேப்டாப் சூடாகி வேகத்தைக் குறைச்சுக்கும், வேர்வையில் லென்ஸ் மூடிக்கும். விடியற்காலைதான் பெஸ்ட்.

கரன்ட்: டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். கட்டாயம். லேண்டிங்கில் கரன்ட் போனா கேம்தான் போகும். ஆனா வோல்ட்டேஜ் ஏறி இறங்கினா கிராஃபிக்ஸ் கார்டே போகும்.

நெட்: 2024 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் உலகத்தைப் பறக்கப் பறக்க நெட்டில் இறக்கும். குறைந்தபட்சம் 10 எம்.பி.பி.எஸ்., பரிந்துரை 50. செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கிறவங்க எக்ஸ்-ப்ளேன் 12 பக்கம் போகலாம். சீனரி டிஸ்க்கிலேயே இருக்கும். காசே செலவழிக்க வேணாம்னா ஃப்ளைட்கியர் இருக்கு, முழுக்க இலவசம்.

செகண்ட் ஹேண்ட்: ஒரு நிஜக் கதை கேளுங்க. ஹெச்.பி. ரிவெர்ப் ஜி2, 2020-ல் வந்த அருமையான ஹெட்செட். சிமுலேட்டர் ரசிகர்களோட செல்லம். அது ஓடறது 'விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி' என்ற மென்பொருளில். 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் 'இனி இது இல்லை'ன்னு அறிவிச்சுது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் எடுத்தே விட்டாங்க. அந்த அப்டேட் போட்ட கம்ப்யூட்டரில் நல்லா இருந்த ஹெட்செட் பேப்பர் வெயிட் ஆயிருச்சு! 2025-ல் ஆர்வலர் ஒருத்தர் தனியா எழுதின டிரைவர் அதுக்கு உயிர் கொடுத்துச்சு. அதுவும் என்விடியா கார்டுக்கு மட்டும். 'சூப்பர் கண்டிஷன் ப்ரோ, பாதி விலை'ன்னு யாராவது சொன்னா, லென்ஸில் கீறல் இருக்கான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்த மென்பொருளுக்கு இன்னும் ஆதரவு இருக்கான்னு பாருங்க. வெளிநாட்டு சரக்குன்னா வாரன்ட்டி நம்ம ஊர்ல செல்லுமான்னு கேளுங்க. ஆசாரி செஞ்ச பெடலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எந்த அப்டேட்டும் அதை ஒண்ணும் பண்ண முடியாது!

மதுரை டு தூத்துக்குடி, டேக் ஆஃப்!

கட்டியாச்சா? முதல் ரூட் நம்ம ரூட்டாவே இருக்கட்டும். ஒரு செஸ்னா 172-ஐ மதுரை ஏர்போர்ட்டில் இருந்து கிளப்புங்க. மூவாயிரம் அடி. மூக்கை நேர் தெற்கே திருப்புங்க. கீழே காரியாபட்டி வழியா ஓடற நான்குவழிச் சாலைதான் வழிகாட்டி. பத்துப் பதினோரு நிமிஷத்தில் அருப்புக்கோட்டை. இடது பக்கம் தலையைத் திருப்பினா, கிழக்கே குண்டாற்றங்கரையில் திருச்சுழி. ரமணர் பிறந்த ஊர். சுத்தியும் பிறை பிறையா கண்மாய்க் கரைகள். அதுல தண்ணி நிக்குதா, வெறும் தரையாங்கிறது சாட்டிலைட் படம் எடுத்த மாசத்தைப் பொறுத்தது!

அப்படியே பந்தல்குடி, எட்டயபுரம் தாண்டினா வாகைக்குளம். அதாவது தூத்துக்குடி ஏர்போர்ட். 2025 ஜூலையில் அங்கே புது டெர்மினல் திறந்தாங்க. 1,350 மீட்டரா இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டரா நீட்டியிருக்காங்க. உங்க சிமுலேட்டர் இன்னும் பழைய குட்டைப் பாதையைக் காட்டினா பயப்படாதீங்க, செஸ்னாவுக்கு அதுவே தாராளம். மொத்தம் நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். சாலையைப் பார்த்து, ஊரைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிற இந்த வித்தையை, நிஜப் பயிற்சியிலும் சொல்லித் தருவாங்க.

ஓட்டினா பைலட் ஆயிரலாமா?

இதை வீட்டில் அம்மா கேட்பாங்க. நேர்மையா சொல்லிருங்க: ஆக முடியாது. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 18 வயசு, மருத்துவத் தகுதி, தேர்வுகள், 200 மணி நேரப் பறப்பு வேணும். வீட்டு சிமுலேட்டரில் ரெண்டாயிரம் மணி நேரம் ஓட்டினாலும் லாக் புக்கில் அது பூஜ்யம்தான். டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற கருவிதான் கணக்கில் வரும். கெட்ட பழக்கமும் ஒட்டிக்கும். மானிட்டரில் பழகினவங்க வெளியே பார்க்காம கருவிகளையே முறைச்சுக்கிட்டு ஓட்டுவாங்கன்னு பயிற்சியாளர்கள் சொல்றது உண்டு. நகை அடகு வெச்சு ஹெட்செட் வாங்க எந்தக் காரணமும் இல்லை.

அதுக்காக இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குன்னும் சொல்ல முடியாது. 2018-ல் அமெரிக்க விமானப்படை, கடையில் கிடைக்கிற வி.ஆர். ஹெட்செட்டை வெச்சே ஒரு பயிற்சி வகுப்பு நடத்திப் பார்த்துச்சு. 2021-ல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஒரு வி.ஆர். ஹெலிகாப்டர் சிமுலேட்டரைப் பயிற்சிக்கு அங்கீகரிச்சுது. இதையெல்லாம் வடிவமைக்கிறது யாரு? சென்சார், சர்க்யூட், மெக்கானிசம், கோடிங் நாலும் தெரிஞ்ச இன்ஜினீயர்கள். நீங்க அருப்புக்கோட்டை மாடியில் கட்டின பெட்டியிலும் அதே நாலு இருக்கே! ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்கறதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஹெட்செட்டுக்கு நேரம் வந்திருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? இரண்டாம் உலகப் போர் காலப் பயிற்சியில் ஒரு பரீட்சை இருந்துச்சு. கண்ணைக் கட்டி காக்பிட்டில் உட்கார வெச்சு, சொல்ற ஸ்விட்சைத் தொடச் சொல்வாங்க. இந்த ஞாயித்துக்கிழமை உங்க பெட்டியில் அதை நடத்துங்க. தம்பியோ தங்கச்சியோ துண்டால கண்ணைக் கட்டட்டும். 'த்ராட்டில்... ஃப்ளாப்ஸ்... லேண்டிங் லைட்...'னு பத்து பேர் சொல்லட்டும். பத்துக்குப் பத்து தொட்டீங்கன்னா, உண்டியலை உடைச்சு ஹெட்செட்டுக்கு ஆர்டர் போடுங்க. ஏழு, எட்டுன்னா துண்டை எடுத்து வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி கட்டுங்க!